போட்டியின்றித் தெரிவும் கல்வி நிருவாகமும்: 1931 பற்றிய ஒரு குறிப்பு

ஓர் ஆசனத்துக்கு ஒருவர் மட்டுமே முன்வரும்போது, அதனை அவர்பால் மக்கள் கொண்ட ஒருமித்த நம்பிக்கையின் சான்றாகக் கொள்வோர் பலர். ஆயின், போட்டியின்மை எத்தகைய சமூக உறவுகளின் விளைவு என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். 1879இல் தேசாதிபதியின் நியமனத்தால் சட்டநிரூபண சபையிற் புகுந்த அவர், 1911இல் படித்த இலங்கையருக்கென வகுக்கப்பட்ட ஆசனத்துக்குத் தெரிவானார். அதற்கு வாக்களிக்க உரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3,000 பேரே. கோயிலைச் சூழ வாழ்ந்த துறைமுகத் தொழிலாளர் அவ்வட்டத்துக்குப் புறம்பானவர்கள். 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வஜன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது இராமநாதன் அதனை எதிர்த்தார்.

1931இல் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. அரசாங்க சபையின் 50 தொகுதிகளுள் ஒன்பதில் போட்டியே நிகழவில்லை. மினுவாங்கொடையில் டி. எஸ். சேனநாயக்காவும் வேயங்கொடையில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அவ்வாறு தெரிவானோராவர். இருவரும் நிலவுடைமைக் குடும்பத்தினர். தத்தம் ஊர்ப்புறங்களில் செல்வாக்குடையோர். வாக்குரிமை பரவலாக்கப்பட்டதேயன்றி, வேட்பாளராக நிற்கும் பொருள்வலிமை பரவலாக்கப்படவில்லை. சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏழு நிர்வாகக் குழுக்களுள் ஒன்றில் அமர்ந்தனர். அவற்றுள் ஒன்று கல்விக்குரியது. ஆகவே ஆசனம் எவ்வாறு நிரம்பியது என்பது பாடசாலையையும் பாதித்த விடயமாகும்.

வடக்கின் நான்கு தொகுதிகளில் நேர்ந்தது வேறு. பூரண சுயாட்சி கோரிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்காரத்தால் அங்கு எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அங்கே போட்டியின்மை அரசியல் உணர்வின் வெளிப்பாடு. எனினும் 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாயிருந்தமையால், கல்விக் குழு உட்பட எக்குழுவிலும் அத்தொகுதிகளின் குரல் ஒலிக்கவில்லை.

கொழும்பு வடக்கு இவ்விரண்டுக்கும் மாறானது. அங்கு வென்ற இரத்தினசோதி சரவணமுத்துவின் தெரிவு நீதிமன்றத்தால் செல்லுபடியற்றதாக்கப்பட்டது. 1932இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் சரவணமுத்து வெற்றிபெற்று, சபையிற் புகுந்த முதல் தமிழ்ப் பெண்ணானார். இங்கும் குடும்பச் செல்வாக்கு இல்லாமலில்லை. ஆயினும் நகரத் தொழிலாளர் உள்ளிட்ட வாக்காளரிடம் சென்று ஆதரவு கேட்கும் கடப்பாட்டைப் போட்டி உண்டாக்கிற்று.

இவ்வினா பழங்கதையன்று. இன்றைய பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் அதிபர் பதவிவழித் தலைவர். பெற்றோர் பிரதிநிதிகள் பொதுக்கூட்டத்தில் தெரிவாகின்றனர். நாட்கூலி பெறும் தாய்க்கும் தந்தைக்கும் அக்கூட்டம் ஒருநாள் ஊதியத்தின் இழப்பாகலாம். அவர்கள் வராத கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிய நிறைவேறும் தெரிவை ஏகமனதானது எனப் பதிவுசெய்யுமுன், வராதோர் யாவர், அவர்களைத் தடுத்தது யாது என்பன ஆராயப்படல் வேண்டும். உழைப்போர் வந்துசேரக்கூடிய வேளையிற் கூட்டத்தை வைப்பது அதன் முதற்படியாகும்.