திரைப்படத் துப்பாக்கி வழங்கல்

திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், நாடகம் ஆகியவற்றுக்குத் துப்பாக்கிகளையோ அவற்றின் போலிகளையோ வாடகைக்குக் கொடுத்து, படப்பிடிப்பின்போது பொறுப்பேற்றுப் பாதுகாத்து, எண்ணித் திரும்பப் பெறும் தொழில். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதைத் தொடங்கியவர்கள் ஆயுதம் தெரிந்தவர்கள். தமிழ்த் திரையுலகில் இது கலை இயக்குநரின் பட்டறையில், தச்சரும் அச்சு வார்ப்பவரும் செய்து தந்த ‘டம்மி’யிலிருந்து வளர்ந்தது. இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம் சட்டம். அதன் வேர் தென்பாண்டிச் சீமையிலேயே இருக்கிறது.

தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர், சிற்றாற்றங்கரையில் ஊற்றுமலை ஜமீனின் தலைநகராக இருந்த ஊர். இந்த வட்டாரத்துப் பாளையங்களில் ஒருகாலத்தில் வேலும் வாளும் நாட்டுத் துப்பாக்கியும் புழங்கின. பாளையக்காரர் போர்களை ஒடுக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1801 டிசம்பர் 1 அன்று வெளியிட்ட பிரகடனத்தால் கோட்டைகளை இடிக்கவும் குடிகள் ஆயுதம் தரிப்பதைத் தடுக்கவும் முற்பட்டது. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதற்கும் உரிமமுறையைக் கொண்டுவந்தது. ஐரோப்பியருக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கினாலும் உரிமமுறையைக் கைவிடவில்லை. துப்பாக்கி வைத்திருக்க 3ஆம் பிரிவின்படியும், செய்யவோ விற்கவோ பழுதுபார்க்கவோ 5ஆம் பிரிவின்படியும் உரிமம் தேவை. போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. திரைத்தொழிலில் இருப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஹாலிவுட்டின் கதை வேறு. முதல் உலகப் போர் முடிந்து பழைய ஆயுதங்கள் மலிந்து கிடந்த நேரத்தில், 1920 வாக்கில், ஜேம்ஸ் ஸ்டெம்பிரிட்ஜ் என்பவர் துப்பாக்கி வாடகை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பாரமவுண்ட் ஸ்டுடியோ வளாகத்தில் இயங்கிய அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் கௌபாய் படங்களுக்கும் போர்ப் படங்களுக்கும் துப்பாக்கி கொடுத்தது. லண்டனில் பாப்டி நிறுவனம் அதே வேலையைச் செய்தது. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ ஏந்தும் விண்வெளித் துப்பாக்கி, பாப்டியின் கிடங்கிலிருந்த மவுசர் சி96 கைத்துப்பாக்கியில் உதிரிபாகங்களைப் பொருத்திச் செய்யப்பட்டதே. அதே மவுசர் வகையைத்தான் கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ (2000) படத்தில் சாகேத்ராம் கையில் பார்க்கிறோம்.

நிஜத் துப்பாக்கியைப் படத்தில் சுடுவதற்கு வெற்றுத் தோட்டா வேண்டும். அதில் மருந்து உண்டு, ஈயக்குண்டு இல்லை. வாய் மடித்தோ தக்கை வைத்தோ அடைக்கப்பட்டிருக்கும். குண்டின் தடை இல்லாததால் தானியங்கித் துப்பாக்கியில் அடுத்த தோட்டா ஏறுவதற்கான அழுத்தம் கிடைக்காது. ஆகவே குழலின் வாயைக் குறுக்கும் திருகு ஒன்றைப் பொருத்துவார்கள். அண்மைக் காட்சியில் குண்டு தெரிய வேண்டுமானால் மருந்தில்லாத டம்மித் தோட்டா. அதற்குள் சிறு உலோக மணிகள் கிடக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் எந்த டம்மித் தோட்டாவையும் துப்பாக்கிக்குள் போடக்கூடாது.

வெற்றுத் தோட்டா என்றால் ஆபத்தில்லை என்ற எண்ணம் உயிர்களைக் குடித்திருக்கிறது. 1984 அக்டோபரில் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற இளம் நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் விளையாட்டாகத் துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுத்தார். குண்டே இல்லாத தோட்டாவின் வேகம் மண்டையோட்டைப் பிளந்துவிட்டது. ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் 1993 மார்ச் 31 அன்று பிராண்டன் லீ இறந்தது ஒழுங்காகச் செய்யாத டம்மித் தோட்டாவால். அதிலிருந்து கழன்ற குண்டு குழலுக்குள் சிக்கிக் கிடந்தது. பின்னர் போட்ட வெற்றுத் தோட்டா அதை வெளியே தள்ளியது. 2021 அக்டோபர் 21 அன்று ‘ரஸ்ட்’ படத்தில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் பலியானபோது, டம்மிகளோடு நிஜத் தோட்டா கலந்திருந்தது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024இல் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னிரண்டு சாவுகளும் யாரோ ஒருவர் துப்பாக்கியைத் திறந்து சோதித்திருந்தால் நேர்ந்திருக்காதவை.

தமிழில் கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) போன்ற படங்களும், ஜெய்சங்கரின் துப்பறியும் படங்களும் துப்பாக்கியைச் சண்டைக்காட்சியின் அன்றாடப் பொருளாக்கின. மரம், ரப்பர், ஃபைபர், உலோக வார்ப்பு என்று டம்மிகள் பெருகின. வெடிச்சத்தத்தைப் பின்னர் ஒலிக்கூடத்தில் சேர்த்தார்கள். ‘கைதி’ (2019) உச்சக்காட்சியின் சுழல்குழல் துப்பாக்கி போன்றவை வந்துவிட்ட இந்நாளில், குழல்வாய் நெருப்பைக் கணினியில் சேர்ப்பது வழக்கமாகியிருக்கிறது. நிஜத் துப்பாக்கி இல்லாததை நம் சினிமாவின் குறையாகச் சிலர் பேசுவதுண்டு. அது குறையல்ல, காப்பு.

தென்காசிப் பக்கம் இத்தொழில் நேரில் வந்து நின்றது ‘கேப்டன் மில்லர்’ படத்தின்போது. 1930களில் நடக்கும் அக்கதைக்குக் குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறைப் பகுதியில் படப்பிடிப்பு நடந்தது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடத்தில் வெடிகளும் கடும் விளக்குகளும் வனவிலங்குகளைக் கலைக்கின்றன என்று புகார் எழுந்தது. உரிய அனுமதி இல்லை என்று 2023 ஏப்ரலில் மாவட்ட ஆட்சியர் படப்பிடிப்பை நிறுத்தினார். அனுமதிக்குப் பின்னரே பணி தொடர்ந்தது. படம் 2024 ஜனவரி 12 அன்று வெளியானது.

காலத்துக்கேற்ற ஆயுதம் எது என்ற அறிவும் வழங்குபவரின் சரக்கே. 1930களின் பிரிட்டிஷ் இந்தியப் படைவீரன் கையில் .303 லீ என்ஃபீல்டு இருக்க வேண்டும்; அதன் பெட்டியில் பத்துத் தோட்டாதான், பதினொன்றாவது வெடிக்கு நடிகர் மீண்டும் நிரப்பியாக வேண்டும். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அக்காட்சிக்குச் சுழல் துப்பாக்கியைக் கொடுத்தனுப்புவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

இத்தொழிலைப் புதிதாகத் தொடங்குபவர் சுடாத டம்மியிலிருந்து தொடங்குவதே முறை. சுடக்கூடிய ஒரு பாகம் கலந்தாலும் ஆயுதச் சட்டத்துக்கும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளுக்கும் உட்பட வேண்டும். உரிமம் மாவட்டங்களில் ஆட்சியரிடமும் மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் கேட்க வேண்டியது. வெடிபொருளுக்கு வெடிபொருள் சட்டம் தனி. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண், பூட்டிய பெட்டி, யார் கையில் எப்போது போனது என்ற பதிவேடு ஆகியவை முதலீட்டின் முதல் செலவாக இருக்கட்டும். பொது இடத்தில் படமெடுக்கும்போது உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்; தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு டம்மியும் துப்பாக்கிதான்.