வரி முடியும் இடம்: கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறியின் வரலாறு

ஓலைச்சுவடியில் செய்யுளுக்கு அடிப்பிரிப்பு இல்லை. ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழுத்துகள் தொடர்ந்து ஓடும்; புள்ளியும் பெரும்பாலும் இராது. சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் யாப்பறிவைத் துணைக்கொண்டு அடியையும் சீரையும் பிரித்து அச்சேற்றினர். ஆகவே அச்சுப் பக்கத்தில் நாம் காணும் அடிமுடிவு ஒவ்வொன்றும் புலமையாளர் ஆய்ந்து துணிந்த ஒன்று. அது கணினிக் கோப்புக்குள் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதையே ஈண்டு நாம் காண்போம்.

கணினியில் வரிமுடிவும் எழுத்தைப் போலவே எண்ணால் குறிக்கப்பெறுகிறது. 1963இல் வெளிவந்த ஆஸ்கி குறிமுறையில் இதற்குரிய கட்டளைகள் இரண்டு. 13ஆம் எண் அச்சுத்தலையை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும். 10ஆம் எண் தாளை ஒரு வரி நகர்த்தும். இரண்டும் தொலைத்தட்டச்சுப் பொறியின் வினைகளே. அக்காலத்து டெலிடைப் 33 பொறி நொடிக்குப் பத்து எழுத்துகளை அச்சிட்டது. வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு அச்சுத்தலை வந்துசேர ஓர் எழுத்துக்குரிய நேரம் போதாது. திரும்பும் கட்டளை முதலிலும் தாளை நகர்த்தும் கட்டளை அடுத்தும் அனுப்பப்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணம்.

பொறி வழக்கொழிந்த பின்னரும் கட்டளைகள் எஞ்சின. (பொருளிழந்த பின்னும் உருபு எஞ்சுவது மொழியியலார்க்குப் புதிதன்று.) மல்டிக்ஸ் வழிவந்த யுனிக்ஸ் 10ஐ மட்டும் ஏற்றது. சிபி/எம் முறையைப் பின்பற்றிய எம்எஸ்-டாஸும், அதன்வழி விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. 1984இன் மெக்கின்டாஷ் 13ஐ மட்டும் கொண்டது. 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் யுனிக்ஸ் மரபுக்கு மாறியது. விண்டோஸின் நோட்பேட் செயலி யுனிக்ஸ் கோப்பின் வரிகளைப் பிரித்துக் காட்டத் தொடங்கியது 2018இல்தான். அதுவரை அச்செயலியில் அத்தகைய கோப்பு ஓலைச்சுவடி போல ஒரே ஓட்டமாகவே தோன்றிற்று.

கண்ணுக்குத் தெரியும் இக்கேட்டினும் தெரியாத கேடே பெரிது. விண்டோஸ் கோப்பை யுனிக்ஸ் கருவி படிக்கும்போது, 13ஆம் எண் அடியின் இறுதிச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அடியின் இடையில் வரும் சொல்லும் இறுதியில் வரும் அதே சொல்லும் சொற்பட்டியலில் இரு வேறு சொற்களாக எண்ணப்படும். திருக்குறளின் 1330 குறட்பாக்களில் அடிகள் 2660. பிழை நேரும் இடங்களும் அத்தனையே. நாள், மலர், காசு, பிறப்பு என வெண்பாவின் ஈற்றுச்சீரை ஆராயும் மாணவர்க்கு, அவர் நோக்கும் இடமே கெட்டுப்போகிறது.

மாற்றித் தரும் கருவிகள் உண்டு. டாஸ்-டு-யுனிக்ஸ் என்னும் நிரல் 10க்கு முன்னுள்ள 13ஐ நீக்கும். பழைய மெக்கின்டாஷ் கோப்பிலோ 13 ஒன்றே வரிமுடிவு. அதனை நீக்கலாகாது, 10ஆக மாற்றவேண்டும். நீக்கினால் பதிப்பாசிரியர் பிரித்த அடிகள் அனைத்தும் ஒருங்கே அழியும். மீண்டும் அலகிட்டே பிரிக்க நேரும். எனவே மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, மாற்றியபின் வரிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குறட்பாக்கள் மட்டுமே அடங்கிய கோப்பாயின், எண்ணிக்கை 2660 வரவேண்டும்.