பாரம் தூக்கும் முன் தகட்டைப் படியுங்கள்

1916 செப்டெம்பர் 11 அன்று கியூபெக் நகருக்கு அருகே, சென் லோறன்ஸ் ஆற்றின் மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்கினார்கள். அதன் எடை சுமார் 5,000 தொன். ஓரளவு உயர்ந்த நிலையில், அதைத் தாங்கியிருந்த வார்ப்புருக்கு உறுப்பு ஒன்று உடைந்தது. நடுப்பகுதி முழுவதும் ஆற்றில் வீழ்ந்தது. 13 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு அந்தத் தாங்கு உறுப்பை மாற்றியமைத்து, புதிய நடுப்பகுதியைத் தூக்கிப் பொருத்தினார்கள். பாலம் இன்றும் பாவனையில் உள்ளது.

பியர்பொன்ட்ஸிலிருந்து விடியற்காலையில் தொழிற்சாலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் செல்லும் எம்மவர்கள் இவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்குவதில்லை. ஆனால் விதி ஒன்றுதான். கிரேன் எவ்வளவு பெரிதானாலும், இடையில் உள்ள ஆகப் பலவீனமான கொளுக்கியின் வலுதான் முழு ஏற்பாட்டின் வலு.

தகடு சொல்வது என்ன?

ஒவ்வொரு பட்டியிலும் சங்கிலியிலும் ஷக்கிளிலும் அது தூக்கக்கூடிய உச்ச எடை குறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் டபிள்யூ.எல்.எல். என்றும் பிரெஞ்சில் சி.எம்.யு. என்றும் இருக்கும். அது உடையும் எடை அல்ல. புதிய பட்டி அதைப்போல் 5 மடங்கும், சங்கிலி 4 மடங்கும் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அந்த இடைவெளி திடீர் இழுப்புக்கும் தேய்மானத்துக்கும் உரியது. கூடுதலாக ஏற்றுவதற்கு அல்ல.

அலகையும் கவனியுங்கள். மெற்றிக் தொன் 1,000 கிலோ. அமெரிக்கத் தொன் 2,000 இறாத்தல், அதாவது 907 கிலோ மட்டுமே.

ஐரோப்பாவில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் நிறத்தை நம்பக்கூடாது. அங்கே ஊதா 1 தொன், பச்சை 2 தொன், மஞ்சள் 3 தொன். இங்கே தட்டைப் பட்டிகளுக்கு அப்படியொரு பொது நிற ஒழுங்கு இல்லை. தகட்டில் உள்ள எண்ணே கணக்கு.

கோணம் பாரத்தைக் கூட்டும்

1,000 கிலோ பாரத்தை இரண்டு பட்டிகளால் தூக்கும்போது, பட்டிகள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 500 கிலோ. கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் 577 கிலோ, 45 பாகையில் 707 கிலோ, 30 பாகையில் 1,000 கிலோ. பாரம் மாறவில்லை, பட்டியின் இழுவிசை இரட்டிப்பாகிவிட்டது. 30 பாகைக்குக் கீழே போக வேண்டாம். நீளமான பட்டியை எடுங்கள்.

மாற்றிப் பாவிக்கக் கூடாதவை

லொறிகளில் பாரம் கட்டும் பொன்னிறச் சங்கிலி பெரும்பாலும் 70ஆம் தரம். அது கட்டுவதற்கு மட்டுமே. தூக்குவதற்கு 80 அல்லது 100ஆம் தரம் வேண்டும். ஷக்கிளின் பின் தொலைந்தால் சாதாரண போல்ட்டைப் போட வேண்டாம். தோள் இல்லாத ஐபோல்ட்டை நேர்மேலே மட்டுமே இழுக்கலாம். தோள் உள்ளதுகூட 45 பாகையில் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கைத் தராது.

வீட்டுக் கராஜில் எஞ்சின் கழற்றுபவர்களுக்கு: தூக்கியின் கையை நீட்ட நீட்ட அதன் வலு குறையும். கையில் ஒவ்வொரு துளைக்கும் எழுதியுள்ள எண்ணைப் பாருங்கள். தொங்கும் பாரத்தின் கீழ் கையையோ தலையையோ வைக்காதீர்கள். பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

எப்போது கழிக்க வேண்டும்?

- தகடு இல்லை, அல்லது வாசிக்க முடியவில்லை.
- பட்டியில் வெட்டு, தீக்காயம், முடிச்சு, தையல் பிரிவு உண்டு.
- கம்பிவடத்தில் ஒரு புரி முழுச்சுற்றுச் சுற்றும் நீளத்துக்குள் 10 இழைகள், அல்லது ஒரே புரியில் 5 இழைகள் அறுந்துள்ளன.
- கொளுக்கி வளைந்துள்ளது, அல்லது அதன் வாய் 5 வீதத்துக்கு மேல் விரிந்துள்ளது.

கழித்த பட்டியை இரண்டாக வெட்டிவிட்டு எறியுங்கள். இல்லையெனில் வேறொருவர் அதை எடுத்துப் பாவிப்பார்.

மறுக்கும் உரிமை

பழுதான சங்கிலியைக் கண்டும் பலர் வாய் திறப்பதில்லை. வேலை போய்விடும், பிரெஞ்சு வராது, அகதி வழக்கு முடியவில்லை என்ற பயம்தான் காரணம். கியூபெக்கின் 1979ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஆபத்தென்று நியாயமாகக் கருதும் வேலையை மறுக்கும் உரிமையைத் தருகிறது. தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் இது உண்டு. மறுப்பதால் இன்னொருவரின் உயிருக்கு உடனடி ஆபத்து வரும் என்றால் இது பொருந்தாது.

உடனே மேற்பார்வையாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். வேலைத்தளத்தை விட்டுப் போகாதீர்கள். இந்த உரிமையை முறையாகப் பாவித்தவரை அதற்காக வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ முடியாது. அந்த நேரத்திலும் அவர் வேலையில் இருப்பதாகவே சட்டம் கருதும். இணக்கம் ஏற்படாவிட்டால் சி.என்.இ.எஸ்.எஸ்.டி. எனப்படும் தொழில் பாதுகாப்பு ஆணைக்குழுவின் பரிசோதகரை அழைக்கலாம்.

மொழி தடையானால் இந்த ஒரு வரி போதும்: "ஜெக்ஸேர்ஸ் மொன் துருவா த ரெஃப்யூ." மறுக்கும் உரிமையைப் பாவிக்கிறேன் என்பது அதன் பொருள். வீட்டில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளிடம் உச்சரிப்பைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.