வீரமாமுனிவர்

இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி (1680–1747). இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. ஜெயங்கொண்டத்துக்குத் தென்மேற்கே ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயில் கட்டி, ஊரைத் ‘திருக்காவலூர்’ என்று பாடியவர். அரியலூரை ஆண்ட மழவராயரின் பிளவை நோயை இவர் தீர்த்ததால்தான் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்பது ஊர் வழக்கு.

வேதம் பரப்ப வந்தவரைத் தமிழ் பிடித்துக்கொண்டது. சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டு, 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’ காவியம் பாடினார். 1732இல் ‘சதுரகராதி’ தொகுத்தார். எழுத்தையும் திருத்தினார். அவர் காலம் வரை எகரத்தின் மேல் புள்ளியிட்டே குறிலைக் காட்டினார்கள். ஓலையில் எழுதுபவர்கள் புள்ளியை விட்டுவிட, குறிலும் நெடிலும் குழம்பின. கீழே கால் இழுத்து ‘ஏ’ என்று பிரித்துக் காட்டியவர் இவரே.

தொல்லைக்கும் குறைவில்லை. தரங்கம்பாடியில் போட்டியாக இருந்த லுத்தரன் சபையாரிடம் 1713லேயே அச்சகம் இருந்தது. ஓலையை நம்பிய பெஸ்கி, அவர்களை மறுத்து ‘வேதவிளக்கம்’, ‘லுத்தர் இனத்தியல்பு’ என எழுதித் தள்ளினார். காவியம் பாடிய கை சண்டைக்கும் சளைக்கவில்லை. தேம்பாவணி அச்சேறியதோ, அவர் மறைந்து நூறாண்டு கழித்து.