கால்குலேட்டருக்குச் சக்கரம் முளைத்த கதை

திருவண்ணாமலையில பௌர்ணமி ராத்திரி கிரிவலம் போனவங்களுக்குத் தெரியும்: 14 கிலோமீட்டரும் மலை நம்ம வலது கைப் பக்கமேதான் இருக்கும். அதே மாதிரி வலம் வர ஒரு ரெண்டு மோட்டார் குட்டி ரோபோவைப் பழக்கணும்னு வைங்க. இடது சக்கரம் ஓடணும், வலது சக்கரம் நிக்கணும், அவ்வளவுதான். 2000களில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கட்டளையை ஒரே எண்ணில் சொன்னாங்க: 121. அதை அவங்க தட்டினது கம்ப்யூட்டர்ல இல்ல, கணக்கு வகுப்புக்குக் கொண்டு போற டிஐ-83 கால்குலேட்டர்ல!

நார்லேண்ட் ரிசர்ச் என்ற நிறுவனம் வித்த ரோபோ அது. கால்குலேட்டர் அது மேலேயே சவாரி செய்யும். முதல் இலக்கம் 1 என்றால், சொன்ன நேரம் வரை ஓடு. அடுத்தது இடது மோட்டார், கடைசி வலது மோட்டார். 2 முன்னே, 1 நில், 0 பின்னே. ஆக 122 நேராகப் போகும், 100 பின்வாங்கும். கூடவே எவ்வளவு நேரம்னு இன்னொரு எண், நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில்.

நாலு பென்சில் பேட்டரியில ஓடுற கால்குலேட்டர் மோட்டாரைச் சுத்துமான்னு கேப்பீங்க. சுத்தாது. அது எண்ணை மட்டும்தான் அனுப்பும். ரோபோவுக்குள்ள தனியா ஒரு சின்ன சிப்பும் பேட்டரியும் இருக்கும். எண்ணைப் படிச்சு மோட்டாரை ஓட்டுறது அந்த சிப்தான்.

எண் எந்த வழியா போச்சு? இங்கதான் வரலாறு சுவாரஸ்யம். புரோகிராம் எழுதக்கூடிய பாக்கெட் கால்குலேட்டர் 1974லேயே வந்தாச்சு. ஹெச்பி-65, நூறு வரி புரோகிராம், விலை 795 டாலர். அடுத்த வருஷம் அப்போலோ-சோயுஸ் பயணத்துல விண்வெளிக்கே போச்சு. ஆனா பள்ளிப் பிள்ளை கைக்கு எட்டாத பொருள். 1992ல் வந்த டிஐ-85ல ஒரு குட்டி ஓட்டை இருந்தது, ஹெட்போன் ஓட்டையைவிடச் சின்னது. ஒரு கால்குலேட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு புரோகிராம் மாத்தத்தான் அது. பசங்க கேம் மாத்திக்கிட்டாங்க, வேற என்ன! 1994ல் அதே ஓட்டையில வெப்பம், வேகம் அளக்கிற கருவியை மாட்ட வழி வந்தது. அந்தக் கருவியோட பேசத்தான் கால்குலேட்டர்ல 'சென்ட்' கட்டளை. ரோபோ செஞ்சவங்க புதுசா எதையும் கண்டுபிடிக்கல. அதே ஓட்டை, அதே கட்டளை. தெர்மாமீட்டர் இருந்த இடத்துல சக்கரத்தை வச்சாங்க.

அதே 1994லதான் அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வு, கிராஃப் வரையும் கால்குலேட்டரை உள்ளே அனுமதிச்சது. தேர்வுக்கு அனுமதின்னா அப்பா அம்மா வாங்கிக் கொடுத்துடுவாங்க. அதனாலதான் ரோபோவோட மூளை ஏற்கனவே எல்லார் பையிலும் இருந்தது.

நம்ம பக்கம்? ப்ளஸ் டூவுல கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி லாக் பார்த்தோம். காலேஜ்ல கால்குலேட்டர் உண்டு, ஆனா புரோகிராம் எழுதுற வகை கூடாது. எங்க செமஸ்டர் தேர்வுல மேற்பார்வையாளர் ஒவ்வொரு கால்குலேட்டரையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காப்பி அடிக்கிறதைத் தடுக்கணும், நியாயம்தான். ஆனா தேர்வு இல்லாத மத்த நாளுக்கும் அந்த விதியே முடிவு செஞ்சிருச்சு. உள்ள கொண்டு போக முடியாத பொருளை யார் வாங்குவா? புரோகிராம் எழுதுற கால்குலேட்டரை நான் கடைசி வருஷம் வரை கண்ணால பார்க்கல. என் வகுப்புல யாரும் பார்த்ததா ஞாபகம் இல்ல.

2017ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே ரோவர்னு ஒரு சக்கர வண்டியை அறிவிச்சது. அதுலயும் கால்குலேட்டர்தான் மேல உட்காரும். அதுக்குள்ள ஆர்டுயினோ மலிவா கிடைக்க ஆரம்பிச்சு, நம்ம ஊர்ப் பசங்க நேரா அதுக்கே தாவிட்டாங்க.

என் பழைய கேசியோ 991 இன்னும் வேலை செய்யுது. நேத்து எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், அந்த மேற்பார்வையாளர் மாதிரியே. ஓட்டை எதுவும் இல்ல.