ஓர் அங்குல உயர ஹைலாந்துப் படை

1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு விசித்திரமான சட்டம் போட்டது. ஸ்காட்லாந்தில் ஆண்கள், அதன் மலைநாடான ஹைலாந்தின் இடுப்பு உடையான கில்ட்டைக் கட்டக்கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் கடல் கடந்த தோட்டங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் கலோடன் போர்க்களத்தில் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸின் படை நொறுங்கிப்போயிருந்தது. அவருக்காகத் திரண்ட மலைநாட்டுக் குலங்கள் இனி எழவே கூடாது என்று நினைத்த லண்டன், ஆயுதத்தோடு சேர்த்து உடையையும் பறித்தது. ஒரே ஒரு விலக்கு இருந்தது. மன்னரின் படையில் சேர்ந்தவன் கில்ட் கட்டலாம். 1782-இல் தடை நீங்கும்வரை அந்த உடை சட்டப்படி உயிரோடு இருந்தது படைமுகாம்களில் மட்டும்தான்.

கில்ட் என்றதும் உலகத்துக்குச் சிப்பாய் நினைவுக்கு வருவதற்கு இந்த விலக்கு ஒரு முக்கியக் காரணம். இன்று அதே சிப்பாய் மேஜைப் போர் விளையாட்டில் வேறு கோலத்தில் நிற்கிறான். உயரம் 28 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். இடுப்பில் மடிப்பு வைத்த கில்ட், அதன் முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, காலில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட காலுறை. முகத்தில் பித்தளை வளையம் வைத்த விஷவாயு முகமூடி. முதுகில் புகைபோக்கியோடு ஒரு சின்னக் கொதிகலன். கையிலிருக்கும் துப்பாக்கிக்கு அதிலிருந்து ஒரு குழாய் போகிறது. விக்டோரியா காலத்து நீராவி இயந்திரம் பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் வழிவிடாமல் வளர்ந்துகொண்டே போயிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்யும் ஸ்டீம்பங்க் வகைச் சிப்பாய் இவன். இவனை முழு உருவமாகக் கடையில் வாங்குவது அரிது. ஒரு பெட்டியிலிருந்து உடல், இன்னொன்றிலிருந்து தலை, வேறொன்றிலிருந்து ஆயுதம் என்று வெட்டி ஒட்டித்தான் உருவாக்குகிறார்கள். இதற்குக் கன்வர்ஷன் என்று பெயர்.

ஒன்றை எடுத்து வேறொன்றாக ஆக்கும் இந்த வேலைதான் ஹைலாந்துச் சிப்பாயின் முழு வரலாறும். பொம்மைக்கு முன்பு அது நிஜப் படையிலேயே நடந்தது. 1725-இல் ஜெனரல் வேட் மலைநாட்டைக் காவல் காக்க ஆறு கம்பெனிகளைத் திரட்டினார். 1739-இல் அவை ஒரே ரெஜிமென்டாக ஆயின. கருநீலம், கரும்பச்சை, கறுப்பு கலந்த அவர்களுடைய டார்டன் என்னும் கட்டத் துணியின் இருண்ட நிறத்தோடு சேர்ந்தே பிளாக் வாட்ச் என்ற பெயர் நிலைத்தது. பின்னால் வந்த ரெஜிமென்டுகளில் பல புதுத் துணி தேடிப் போகவில்லை. 1794-இல் கோர்டன் பிரபு படை திரட்டியபோது அதே இருண்ட துணியில் ஒரு மஞ்சள் கோடு ஓடியது. மெக்கன்சி குலத்தார் திரட்டிய படையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் சேர்ந்தன. அடித்துணி ஒன்று, கோடு மட்டும் வேறு, படை வேறு.

இந்தக் கோடுகளைச் சுமந்தவர்களின் கதை அவ்வளவு அழகானதல்ல. 93-ஆம் ரெஜிமென்ட் 1799-இல் சதர்லாந்து மாவட்டத்து இளைஞர்களைக் கொண்டு உருவானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதே மாவட்டத்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் வேண்டும் என்று குடியானவர்களை வீட்டை விட்டு விரட்டினார்கள். மகன் மன்னருக்காகத் துப்பாக்கி ஏந்திய காலத்திலேயே மலைநாட்டில் பெற்றோரின் கூரை இறக்கப்பட்டது. 1854 அக்டோபர் 25 அன்று கிரிமியாவின் பலாக்லாவாவில் ரஷ்யக் குதிரைப்படையை எதிர்த்து இரண்டே வரிசையில் நின்று பெயர் வாங்கியதும் இதே 93-ஆம் ரெஜிமென்ட்தான். 1881-இல் ராபர்ட் கிப் அக்காட்சியை ஓவியமாகத் தீட்டினார். சிவப்புச் சட்டை, இறகுத் தொப்பி, நீட்டிய துப்பாக்கிக் கத்தி என்ற அந்த வடிவம் பொது நினைவில் பதிந்துபோனது. அடுத்த பன்னிரண்டு ஆண்டில் அது ஈயத்தில் வார்க்கப்பட்டுக் குழந்தைகள் கைக்கே வந்துவிட்டது.

அதுவரை பொம்மைச் சிப்பாய்ச் சந்தை ஜெர்மானியர்களிடம் இருந்தது. நியூரம்பெர்க் நகரம் தகடுபோல் தட்டையான வெள்ளீயப் பொம்மைகளுக்கும், டிரெஸ்டன் நகரத்து ஹைடே நிறுவனம் திண்மையான முழு உருவங்களுக்கும் பெயர் பெற்றவை. 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பம் ஒரு புது வழி கண்டது. உருக்கிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, உடனே அச்சைச் சுழற்றிக் கவிழ்த்தால், அச்சின் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் உறைந்து நிற்கும். நடுவில் இருப்பது வெளியே கொட்டிவிடும். உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். ஈயம் மிச்சம், எடை குறைவு, அனுப்பும் செலவும் குறைவு. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள இந்தப் பொம்மைகள் ஜெர்மானியச் சரக்கோடு விலையில் மோதின. நிறுவனத்தின் தொடக்ககாலப் பட்டியலிலேயே பிளாக் வாட்ச் 11-ஆம் எண் பெட்டியாக இடம் பிடித்தது.

ரெஜிமென்டுகள் துணியில் செய்ததைப் பிரிட்டன் நிறுவனம் அச்சில் செய்தது. பாய்ந்து தாக்கும் ஹைலாந்துச் சிப்பாய்க்கு ஒரே வார்ப்பு. சட்டையின் கழுத்துப்பட்டி நிறத்தையும் கில்ட்டின் கோடுகளையும் மாற்றினால் வேறு ரெஜிமென்ட், வேறு பெட்டி. வாங்கிய சிறுவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கூடான பொம்மைக்கு முதலில் உடைவது கழுத்துதான். உடைந்த தலைக்குள் ஒரு துண்டுத் தீக்குச்சியைச் செருகி, மறுமுனையை உடலின் ஓட்டைக்குள் இறக்கினால் தலை மறுபடி நிற்கும். செத்துப்போன வேறொரு சிப்பாயின் தலையும் அதே குச்சியில் நிற்கும் என்று கண்டுபிடிக்க எந்தச் சிறுவனுக்கும் அதிக நேரம் ஆகியிருக்காது. ஏல மையங்களுக்கு வரும் பழைய பிரிட்டன் பொம்மைகளில் தீக்குச்சிக் கழுத்து இன்றும் அடிக்கடி தட்டுப்படுகிறது.

பெரியவர்களும் தரையில் மண்டியிட்டார்கள். எடின்பரோவில் பிறந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், 1881-82 குளிர்காலத்தில் நுரையீரல் நோய்க்காகச் சுவிட்சர்லாந்தின் தாவோஸில் தங்கியிருந்தபோது, வளர்ப்பு மகன் லாயிட் ஆஸ்போர்னுடன் தரையில் வரைபடம் போட்டு ஈயச் சிப்பாய்களைக் கொண்டு நாள்கணக்கில் போர் நடத்தினார். எச்.ஜி. வெல்ஸ் அதை எல்லோருக்குமான விளையாட்டாக ஆக்கினார். 1913-இல் வந்த அவருடைய 'லிட்டில் வார்ஸ்' பிரிட்டன் நிறுவனத்தின் பொம்மைகளையும் சுருள்வில் பீரங்கியையும் வைத்து விதிகள் சொன்னது. பெரும்போர் எவ்வளவு அர்த்தமற்றது என்பதை உணர இந்தச் சின்னப் போரை ஆடிப் பாருங்கள் என்பது அவருடைய வாதம். மறு ஆண்டே முதல் உலகப்போர் வெடித்தது.

இதே வெல்ஸ்தான் 1898-இல் செவ்வாய்க் கிரகத்து மூன்றுகால் இயந்திரங்களை இங்கிலாந்தில் இறக்கியவர். 1903-இல் 'ஸ்ட்ராண்ட்' இதழில் எஃகுக் கவசம் பூண்டு தரையில் ஊரும் போர் இயந்திரங்களைப் பற்றிக் கதை எழுதியவரும் அவரே. பொம்மைச் சிப்பாயும் விசித்திர இயந்திரமும் பிற்காலத்தில் ஒரே மேஜையில் சந்தித்ததில் வியப்பில்லை. இரண்டும் ஒருவருடைய எழுத்து மேஜையில் ஏற்கெனவே சந்தித்திருந்தன.

ஸ்டீம்பங்க் ஹைலாந்துச் சிப்பாயின் உடம்பில் கற்பனையாகத் தெரிவதில் பாதி நடந்ததுதான். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படைக்காக லீட்ஸ் நகரத்து ஃபவுலர் நிறுவனம் நீராவி இழுவை இயந்திரத்துக்கு இரும்புக் கவசம் போட்டுச் சாலையில் ஓடும் கவச வண்டித்தொடர் கட்டியது. அதே போரில் 1899 டிசம்பர் 11 அன்று மேகர்ஸ்ஃபோன்டெய்னில் ஹைலாந்துப் படைப்பிரிவு குண்டுமழையில் நகர முடியாமல் நாள் முழுதும் குப்புறக் கிடந்தது. அதை நடத்திய ஜெனரல் வாகோப் விழுந்தார். கிடந்தவர்களின் முழங்காலுக்குப் பின்புறம் வெயிலில் வெந்து கொப்புளித்தது. பளிச்சென்ற கில்ட்டை மறைக்க அதன் முன்னால் காக்கித் துணி கட்டுவதும் அந்தப் போரில் வழக்கமானது. கில்ட்டும் முகமூடியும் சேர்ந்த கோலமும் நிஜம். 1915-இல் முதல் உலகப்போரின் மேற்கு முனையில் வாயையும் மூக்கையும் துணிப் பட்டையால் மூடி நிற்கும் ஆர்கில் அண்ட் சதர்லாந்து ஹைலாந்தர்களின் புகைப்படம் பிரசித்தமானது.

போர்க்கள ராக்கெட்டையும் ஹைலாந்தர்கள் வெகு முன்பே நேரில் பார்த்திருக்கிறார்கள். அது நடந்தது காஞ்சிபுரத்துக்கு அருகே. 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து அழித்தபோது, மெக்லியாட் ஹைலாந்தர்களின் இரு கம்பெனிகள் அதில் இருந்தன. அவர்களில் பிடிபட்ட அதிகாரி டேவிட் பேர்ட் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளே பின்னால் இங்கிலாந்தில் காங்ரீவ் தன் ராக்கெட்டைச் செய்யத் தூண்டுதலாயின. முதுகில் ராக்கெட் கட்டிய ஹைலாந்து மினியேச்சரைச் செய்பவர், தெரிந்தோ தெரியாமலோ காஞ்சிபுரம் வரை நீளும் ஒரு வரலாற்றைத் தொடுகிறார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விளையாட்டு ஈயத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு நகர்ந்தது. நச்சுத்தன்மை காரணமாகப் பிரிட்டன் நிறுவனம் 1966-இல் ஈய வார்ப்பை நிறுத்தியது. அதற்குள் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சிப்பாய்கள் சல்லிசாகக் கிடைத்தன. பிறகு வாட்டர்லூ ஹைலாந்தர்களும் அவற்றோடு சேர்ந்தார்கள். சவுத்தாம்ப்டனில் பிசியோதெரபிஸ்டாக இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-இல் எழுதிய 'வார் கேம்ஸ்' நூல் ஒரு தலைமுறையையே மேஜைக்கு இழுத்தது. அவர்கள் கேட்ட படை எல்லாம் கடையில் இல்லை. ஆகவே கத்தியை எடுத்தார்கள். ஏர்ஃபிக்ஸ் பொம்மை மெழுகுபோல் வழுக்கும் பாலிதீன். சாதாரணப் பசை பிடிக்காது. ஊசியைச் சூடாக்கி உடலில் இறக்கி, அதன் தலைப்பக்கத்தை வெட்டிவிட்டுப் புதுத் தலையை அதன்மேல் குத்துவார்கள். தீக்குச்சி செய்த வேலையை இப்போது ஊசி செய்தது.

1988-இல் அமெரிக்காவின் ஜிடிடபிள்யூ நிறுவனம் ஃபிராங்க் சாட்விக் உருவாக்கிய 'ஸ்பேஸ்: 1889' விளையாட்டை வெளியிட்டது. விக்டோரியா மகாராணியின் படைகள் அதில் செவ்வாய்க்கே போயின. வரலாற்றுப் படைகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அலமாரியிலிருந்த சூடான், ஆப்கன் போர்ச் சிப்பாய்களை அப்படியே வேற்றுக் கிரகத்தில் இறக்கிவிட முடிந்தது. அதே காலத்தில் வார்ஹாமர் விளையாட்டால் வளர்ந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப், தலையும் கையும் தனித்தனியாக வரும் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பரவலாக்கியது. அங்கே சிற்பிகளாக இருந்த ஆலன், மைக்கேல் பெர்ரி என்ற இரட்டையர் பின்னர் சொந்த நிறுவனம் தொடங்கி வரலாற்றுப் படைகளில் இறங்கினார்கள். 1996-இல் பிரான்ஸில் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் மைக்கேல் வலது கையை இழந்தார். பிறகு இடக்கையால் சிற்பம் செய்யப் பழகி, முன்புபோலவே வேலையைத் தொடர்ந்தார். இன்று விக்ட்ரிக்ஸ் போன்ற நிறுவனங்கள் பிளாஸ்டிக்கில் தரும் நெப்போலியன் காலத்து ஹைலாந்தர்களே பல ஸ்டீம்பங்க் படைகளுக்கு இடுப்புக்குக் கீழுள்ள பகுதியைத் தருகிறார்கள்.

கில்ட் இல்லாத உடலுக்குக் கில்ட் கட்டுவதுதான் கடினம். கால்சட்டையை முழங்கால் வரை சீவி எடுத்து, நீலமும் மஞ்சளுமாக வரும் இரண்டு பட்டைகளைப் பிசைந்தால் பச்சையாகும் 'கிரீன் ஸ்டஃப்' என்ற எபாக்சி மாவை இடுப்பைச் சுற்றி ஒட்ட வேண்டும். மாவு கொஞ்சம் இறுகும்வரை பொறுத்து, ஈரக் கருவியின் விளிம்பால் மேலிருந்து கீழாக அழுத்தினால் மடிப்பு விழும். புதியவர்கள் மடிப்பைச் சுற்றிலும் போட்டுவிடுவார்கள். நிஜக் கில்ட்டுக்கு மடிப்பு பின்னாலும் பக்கங்களிலும்தான், முன்பக்கம் சமதளம். கொதிகலனுக்குப் பேனா மூடியோ பிளாஸ்டிக் குழாயோ போதும். கம்பி சுற்றிய கிட்டார் தந்தியை வெட்டி வளைத்தால் அசல் நீராவிக் குழாய்.

அடுத்தது டார்டன். கில்ட்டின் உயரமே சில மில்லிமீட்டர்கள். அசல் துணியின் ஒவ்வோர் இழைக்கோட்டையும் அதில் போட முயன்றால் சேறாகிவிடும். பிளாக் வாட்ச் என்றால் முதலில் கருநீலம் முழுதும். அது காய்ந்தபின் நெடுக்கும் குறுக்குமாக அகலமான கரும்பச்சைப் பட்டைகள். பச்சையும் பச்சையும் வெட்டிக்கொள்ளும் சதுரத்தில் மட்டும் ஒரு புள்ளி வெளிர்பச்சை. பட்டைகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. தூரிகை முடியளவு கூர்மையாக இருந்தால் போதாது. பெயின்ட் நீர்த்திருக்க வேண்டும், கோடு போடுமுன் கட்டைவிரல் நகத்தில் ஒருமுறை இழுத்து மிகுதியை இறக்கிவிட வேண்டும். பின்பக்கத்தில் கோடு மடிப்புக்குள் இறங்கி ஏற வேண்டும். நேராக ஓடினால் துணி தகரமாகத் தெரியும்.

இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டது. முகமூடியும் கொதிகலனும் கில்ட்டும் சேர்ந்த சிப்பாயைக் கணினியில் வடித்து ஒரே இரவில் ரெசினில் அச்சிடலாம். தீக்குச்சியும் ஊசியும் செய்த வேலை திரையில் நடக்கிறது. ஆனால் வீட்டு மேஜையிலுள்ள ரெசின் இயந்திரம் பெரும்பாலும் சாம்பல் போன்ற ஒரே நிறத்தில்தான் அச்சிடுகிறது; டார்டனை இன்னும் கையால்தான் தீட்ட வேண்டும். செவ்வாய்க்குப் போகும் படையானாலும் பலர் கற்பனை டார்டன் போடாமல் பிளாக் வாட்சையோ கோர்டனையோ தேர்ந்து, பழைய துணி மாதிரிகளைப் பார்த்துத்தான் தீட்டுகிறார்கள். அந்தச் சாம்பல்நிறக் கில்ட்டின் மேல் மஞ்சள் கோடு ஓட வேண்டுமா என்ற முடிவு 1794-இல் போலவே இன்றும் படை திரட்டுபவருடையது.