ஜோடி சேராத நாயகி

திரையில் ஒலித்த குரல்கள் – 14

கருங்குழியில் பாசஞ்சர் ஏறிச் செங்கல்பட்டு போகிறவர்களுக்குப் பாட்டு இலவசம். படாளம் தாண்டியதும், கழுத்தில் ஸ்பீக்கர் பெட்டியை மாட்டிக்கொண்டு யாராவது ஒருவர் ஏறிவிடுவார். பாலாற்றுப் பாலத்தில் தடதடப்பு கூடினால் அவரும் குரலைக் கூட்டுவார். பாட்டு மனசைத் தொட்டால் சட்டைப் பைக்குள் கை போகும். இல்லையென்றால் முகம் ஜன்னல் பக்கம் திரும்பும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இப்படித்தான் ஓடும் ரயிலில் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. பின்னாளில் ஒரே படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கிய கே.பி. சுந்தராம்பாள்தான் அவள்.

காவிரிக் கரைக் கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். தந்தையை இழந்த குடும்பம். தாய் பாலாம்பாள்தான் ஆதரவு. ரயிலில் கேட்ட குரல் நாடகக் கம்பெனிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. வேலு நாயர் கம்பெனியின் 'நல்லதங்காள்' நாடகத்தில் கிடைத்த முதல் வேடம், பசியில் அழும் ஆண்பிள்ளை. அந்தப் பசியை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இலங்கை மேடையில் செங்கோட்டை கிட்டப்பா வந்து சேர்ந்தார். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் உச்சக் குரல் இருவருக்கும் இருந்தது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிப்பதைப் பார்க்கவே கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. 1927இல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிணக்கும் பிரிவுமாகவே வாழ்க்கை கழிந்தது. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைய திருநீறுமாக அவர் வெளியே வந்தபோது ஒரு சபதமும் கூடவே வந்தது: இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை. கதாநாயகனும் கதாநாயகியும் கைகோத்து நின்றால்தான் படம் என்றிருந்த காலத்தில், பிழைப்பையே மூடிவிடும் சபதம் அது. ஆனால் 1935இல் 'நந்தனார்' எடுக்க வந்தவர்கள் லட்ச ரூபாயோடு வந்தார்கள். நாயகி வேடம் கேட்கவில்லை. நந்தனாராகவே நடிக்கச் சொன்னார்கள். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். அவர் நந்தனார் காலில் விழும் காட்சி அன்றைக்குப் பெரிய சர்ச்சையானது. ஆண்கள் சேலை கட்டித் திரௌபதியாக நிற்பதை விடிய விடியப் பார்க்கும் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து ரசிகர்களுக்கு, ஒரு பெண் நந்தனாரானதில் வியப்பு இருந்திருக்காது.

அதே காலத்தில் ரஷ்யாவிலும் ஒரு பாடும் நட்சத்திரம் இருந்தார்: லியுபோவ் ஓர்லோவா. 1934இல் வந்த இசைப்படம் ஒன்று அவரை நாடறியச் செய்தது. எழுபது வயதைத் தாண்டியும், தன் கடைசிப் படத்தில் இளம்பெண்ணாகவே அவர் நடித்தார். சுந்தராம்பாள் இதற்கு நேர் எதிர். இளமையை அவராகவே கழற்றி வைத்துவிட்டார்.

பிறகு வந்த வேடங்களும் அந்தச் சபதத்துக்கு அடங்கியவைதான். 1940இல் துறவி மணிமேகலை. 1953இல் ஜெமினி வாசனின் 'ஔவையார்'. குமரி ஔவையாக வேறொரு நடிகை வர, முதுமை வரம் கிடைத்த பிறகே சுந்தராம்பாள் வருகிறார். அப்போது அவருக்கு 45 வயதுதான். அதன்பின் ஔவை என்றாலே தமிழர் மனத்தில் அவர் முகம்தான். 1965இல் 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி. நாகராஜனும் ஔவைக்கு வேறு ஆளைத் தேடவில்லை. கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானம் செய்ய அந்தப் பாட்டிதான் மலையேற வேண்டியிருந்தது.

சத்தியமூர்த்தியின் தூண்டுதலில் காங்கிரஸ் மேடைகளில் பாடி வாக்குக் கேட்டவர், சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். அப்படிப்பட்டவர் 1964இல் கலைஞர் வசனம் எழுதிய 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தார். கட்சி வேறு, நம்பிக்கை வேறு. அந்தக் குரலை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. 'துணைவன்' படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது வந்தது. 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார்.

நடித்த படங்கள் சொற்பம். அவற்றில் ஒரு காதல் காட்சிகூட இல்லை. தமிழ் சினிமாவில் வேறெந்த நாயகியும் இப்படி ஒரு கணக்கைக் காட்ட முடியாது. சபதம் அவரைச் சுருக்கிவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழகும் வயதும் ஜோடியும் விலகிக்கொண்டதால்தான் அங்கே குரல் மட்டும் தனியாக நின்றது.

47 ஆண்டுகள் அவர் வெள்ளை உடுத்தியது கிட்டப்பாவுக்காக. ஆனால் பெயருக்கு முன்னால் உள்ள 'கே' என்பது கொடுமுடி. 'பி' என்பது அம்மா பாலாம்பாள்.